புதிதாக ஓடுபவர்களின் கணைக்கால் வலி: வராமல் தடுக்கவும் வந்தால் தணிக்கவும் முழுமையான வழிகாட்டி

ஓட ஆரம்பித்து மூன்று நான்கு வாரங்கள் ஆனதும் மூச்சிரைப்பு குறைந்துவிடும். இன்னும் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடிப் பார்க்கலாமே என்று ஆசை வரும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள எலும்பு வலிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் இதே கட்டத்தில்தான். ஷின் ஸ்பிளிண்ட்ஸ் என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். மூச்சு பழகிய வேகத்தில் எலும்பு பழகுவதில்லை. வலி வராமல் தடுப்பதும் வந்ததைத் தணிப்பதும் இந்த இடைவெளியைக் கையாள்வதில்தான் இருக்கிறது. ஷூ, ஐஸ், காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை எல்லாம் அதற்கு அப்புறம்.

எலும்பு ஏன் பின்தங்குகிறது

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. ஆடுசதை இழுக்கும் விசையும் அதோடு சேர்ந்துகொள்ள, கணைக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. அப்படி வளைவது கெடுதல் இல்லை. எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ள அதுவே தூண்டுதல். ஆனால் பலப்படும் விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. சுமை பட்ட இடத்தில் பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் முதலில் வேலை செய்யும். புதிய எலும்பைக் கட்டும் செல்கள் பிறகுதான் வரும். சுவரில் பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதுப் பூச்சு பூசுகிற மாதிரி. கொத்தும் வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும், பூசி இறுக மூன்று மாதம் வரை பிடிக்கும். அதனால் மூன்றாவது வாரத்தையொட்டி எலும்பு கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கும். தெம்பு கூடிவிட்டதென்று நாம் தூரத்தை ஏற்றுவதும் அதே வாரத்தில்தான்.

எலும்பின் உள்விளிம்பை ஒட்டிய சவ்வையும் ஆடுசதையின் ஆழத்தில் உள்ள தசைகள் இழுத்துப் புண்படுத்துகின்றன. இழுப்பு பெரிதா, வளைவு பெரிதா என்ற விவாதம் நிபுணர்களிடையே இருக்கிறது. ஓடுகிறவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே.

முன்பு ஒருமுறை இந்த வலி வந்தவர்கள், உடல் எடை கூடியவர்கள், நிற்கும்போது பாத வளைவு நன்றாக அமுங்குகிறவர்கள், பெண்கள் ஆகியோருக்கு வாய்ப்பு சற்று அதிகம். இவர்கள் ஓடக் கூடாது என்பதில்லை, ஏற்றும் வேகத்தை இன்னும் குறைத்துக்கொண்டால் போதும்.

முதல் படி: எந்த வலி என்று விரலால் கண்டுபிடியுங்கள்

கணைக்காலில் வருவதெல்லாம் ஒரே வலி இல்லை. தவறாக ஊகித்தால் இரண்டு வாரத்தில் சரியாக வேண்டியது மூன்று மாதம் இழுக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலைத் தூக்கி மற்றத் தொடையின் மேல் வையுங்கள். கணுக்காலின் உட்புறத்தில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து தொடங்கி, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு வழியாக முழங்கால் வரை ஒவ்வொரு விரற்கடையாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பேனாவால் கோடு போட்டு, அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள்.

வலிக்கும் பகுதி நீளவாட்டில் 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் பரவி, எலும்பின் கீழ்ப்பாதியில் உள்விளிம்பை ஒட்டி இருந்தால், அது பெரும்பாலும் வழக்கமான ஷின் ஸ்பிளிண்ட்ஸ். ஓட்டத்தின் தொடக்கத்தில் வலிக்கும், உடம்பு சூடேறியதும் மங்கும், ஓடி முடித்தபின் மறுபடி தலைகாட்டும். மறுநாள் காலை முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கும். நடுவில் மங்குவதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும் குத்துகிறதா? அழுத்தினால் துள்ளிப் போகிறீர்களா? நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அப்படியானால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்து உறுதிப்படுத்தும் வேலை இந்த நிலையில் வேண்டாம்.

எலும்பின் வெளிப்பக்கம், முன்புறச் சதையில் வலித்தால் அது பாதத்தை மேலே தூக்கும் தசையின் களைப்பு. இறக்கத்தில் ஓடியபின், வேகமாக நடந்தபின், அல்லது குதிகாலை ரொம்ப முன்னால் வீசி ஓடியபின் வரும். சில நாள் இடைவெளியிலும், பின்னால் சொல்லும் நடைத் திருத்தத்திலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஓட ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நிமிடத்தில் காலை இறுக்கிக் கட்டியது போலாகி, பாதம் மரத்துப்போய், நின்றபின் அரை மணி நேரத்துக்குள் சுவடில்லாமல் போய்விட்டால், தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். இதற்கு இங்கே சொல்லும் பயிற்சிகள் உதவாது, மருத்துவர் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சும்மா இருக்கும்போதே ஆடுசதை வலிக்கிறதென்றால் ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். ஓட்டத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாம் படி: வலி தொடங்கிய முதல் இரண்டு வாரம்

இங்கிருந்து சொல்வதெல்லாம் நீளவாட்டில் பரவிய வழக்கமான வலிக்கு.

வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடப் பழகுங்கள். 0 என்றால் எதுவும் இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. ஓடும்போது 2-ஐத் தாண்டாமல், மறுநாள் காலையில் கூடாமல் இருந்தால் முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. தூரத்தைப் பாதியாக்கி, வேக ஓட்டத்தையும் மேடு பள்ளத்தையும் விட்டுவிட்டால் பல நேரம் அதுவே போதும். 3-ஐத் தொட்டாலோ, ஓட ஓடக் கூடினாலோ, நடையே மாறிப்போனாலோ ஓட்டத்துக்கு விடுப்பு கொடுங்கள். பொறுத்துக்கொண்டு ஓடினால் பழகிவிடும் என்ற அறிவுரை தசை வலிக்குப் பொருந்தலாம், எலும்புக்குப் பொருந்தாது.

அதற்காகப் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். சுமையே இல்லாவிட்டால் எலும்பும் தசையும் தளர்ந்து, திரும்பி வந்ததும் மறுபடி வலிக்கும். சைக்கிள், நீச்சல், கழுத்தளவுத் தண்ணீரில் ஓடுவது எல்லாம் மூச்சுப் பழக்கத்தைக் காப்பாற்றும். வலி தராத தூரத்துக்கு நடக்கலாம்.

ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை ஒத்தலாம். வலி மட்டுப்படும், அவ்வளவுதான். எலும்பு அதனால் சீக்கிரம் ஆறுவதில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடப் போவது மட்டும் கூடவே கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வது அந்த வலிதான், அதை அணைத்துவிட்டால் விரிசல் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆரம்பத்திலேயே கவனித்தால் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். ஒரு மாதம் சமாளித்து ஓடிவிட்டு வருகிறவர்களுக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆவது சாதாரணம்.

மூன்றாம் படி: ஆடுசதையைப் பலப்படுத்துதல்

பலர் தவறவிடும் இடம் இது. ஆடுசதையில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே பருத்துத் தெரிவது முழங்காலை நீட்டியிருக்கும்போது நன்றாக வேலை செய்யும். அதன் அடியில் தட்டையாகக் கிடப்பது முழங்கால் மடங்கியிருக்கும்போதும் விடாமல் உழைக்கும். ஓடும்போது தரையில் பாதம் பதிந்திருக்கும் நேரமெல்லாம் முழங்கால் கொஞ்சம் மடங்கித்தான் இருக்கும். ஆகவே எலும்பின் வளைவைத் தாங்கிப் பிடிக்கும் பெரும் பொறுப்பு அடி அடுக்கினுடையது. நிமிர்ந்து நின்று குதிகாலைத் தூக்குவதோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் நடக்கும்.

மடங்கிய முழங்காலோடு குதிகால் தூக்குதல்: சுவரில் விரல்நுனி ஊன்றி நில்லுங்கள். இரண்டு முழங்காலையும் 20, 30 டிகிரி மடக்குங்கள். அந்த மடிப்பு மாறாமல் குதிகால்களை 2 விநாடியில் தூக்கி, 1 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். 15 முறை, 3 சுற்று, சுற்றுக்கு நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று நாள். இது எளிதானதும் ஒற்றைக் காலுக்கு மாறி 8-இல் தொடங்கி 15 வரை ஏறுங்கள். அதுவும் எளிதானால் முதுகுப் பையில் 5 கிலோ எடை சேருங்கள்.

நீட்டிய முழங்காலோடு அதே பயிற்சி: ஒற்றைக் காலில் 25 முறை நிறுத்தாமல் தூக்க முடிவது நல்ல இலக்கு. புதிதாக ஓட வருகிறவர்களில் பலருக்கு 12, 15-க்குள் குதிகால் தூக்கும் உயரம் குறைந்துவிடும். உயரம் குறைந்தபின் செய்பவை கணக்கில் சேராது.

இவற்றில் நடக்கும் தவறுகள் மூன்று. கீழே வந்ததும் துள்ளி எழுவது: அப்போது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் மீள்விசை தூக்குகிறது, தசை சும்மா இருக்கிறது. மேலே போகும்போது பாதம் சுண்டுவிரல் பக்கம் சாய்வது: பெருவிரல் அடிமேட்டில் எடை இருக்க வேண்டும். களைத்ததும் மடங்கிய முழங்கால் தானாக நீண்டுவிடுவது: பக்கத்தில் கண்ணாடி இருந்தால் தெரிந்துவிடும்.

பாதத்தைத் தூக்கும் முன்தசைக்கு: முதுகைச் சுவரில் சாய்த்து, குதிகால்களைச் சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி ஊன்றி, குதிகால் தரையிலேயே இருக்க முன்பாதத்தை முடிந்த மட்டும் தூக்கி மெதுவாக இறக்குங்கள். 15 முறை, 3 சுற்று. கடினமாக இருந்தால் சுவருக்கு நெருங்கி நில்லுங்கள்.

இடுப்புக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்குதல் 15 முறை, மல்லாந்து படுத்து ஒற்றைக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்குதல் 10 முறை, ஒவ்வொரு பக்கமும் 2 சுற்று. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு சரிந்தால் முழங்காலும் பாதமும் உள்நோக்கி விழும், அந்தத் திருகலும் கணைக்காலுக்குத்தான் போகும்.

தசை எரிவதும் களைப்பதும் இருக்கலாம். எலும்பின் விளிம்பில் வலி எழுந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஓடும் நாளில் செய்வதானால் ஓடி முடித்தபின் செய்யுங்கள். களைத்த ஆடுசதையோடு ஓடப் போனால் எலும்புக்குத்தான் கூடுதல் அடி.

நான்காம் படி: மறுபடி ஓடத் தொடங்குதல்

நான்கு சோதனைகளில் தேறிய பிறகே ஓடுங்கள்: 30 நிமிடம் விறுவிறுப்பாக வலியின்றி நடக்க முடிய வேண்டும், எலும்பை அழுத்தினால் வலி இல்லாமலோ மிக லேசாகவோ இருக்க வேண்டும், ஒற்றைக் காலில் 20 முறை குதிகால் தூக்க முடிய வேண்டும், ஒற்றைக் காலில் 10 முறை குதித்தால் வலிக்கக் கூடாது. குதிப்பதைக் கடைசியாக, முதல் மூன்றும் தேறியபின் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் 5 நிமிட நடையோடு தொடங்கி 5 நிமிட நடையோடு முடியுங்கள். நடுவில்:

படி 1: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை
படி 2: 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 10 முறை
படி 3: 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 7 முறை
படி 4: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 முறை
படி 5: 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 4 முறை
படி 6: 8 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 முறை
படி 7: 25 நிமிடம் தொடர்ந்து ஓட்டம்

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள், வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். ஒரு படியைக் குறைந்தது இரண்டு முறை முடித்தபின் அடுத்தது. வேகம், பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கே.

வலியை மூன்று நேரம் கேளுங்கள்: ஓடும்போது, அன்று மாலை, மறுநாள் காலை படுக்கையை விட்டு இறங்கும்போது. மறுநாள் காலைதான் முக்கியம். 2-ஐத் தாண்டினால் ஒரு நாள் கூடுதலாக ஓய்வெடுத்து, முந்தைய படிக்கு இறங்குங்கள். இரண்டு முறை இறங்க நேர்ந்தால் மேலே ‘மூன்றாம் படி’ என்ற தலைப்பில் சொன்ன ஆடுசதைப் பயிற்சிகளுக்கே இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள்.

இதுவரை வலி வராதவர்களுக்கு

மேலே உள்ள அதே ஏழு படிகளைப் படிக்கு ஒரு வாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். தெம்பு இருக்கிறதென்று மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் ஒரு படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வேறு எங்கே விதியை மீறினாலும் இங்கே மீறாதீர்கள். நான்காவது வாரத்தில் முன்னேறாமல் அதே படியில் நின்றால் இன்னும் நல்லது. குதிகால் தூக்கும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே சேர்த்துவிடுங்கள்.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே என்று ஒரு விதி புழக்கத்தில் இருக்கிறது. அது தோராயமான வேலி, அதில் மந்திரம் எதுவும் இல்லை. வாரத்துக்கு 5 கி.மீ. ஓடுகிறவருக்கு 10 சதவீதம் என்பது வெறும் 500 மீட்டர். மாறாக, வாரக் கணக்கு சரியாகவே இருந்தும், மூன்று நாளில் ஓடுவதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஓடிவிட்டால் கால் தாங்காது. அதனால் ஒரே ஓட்டத்தில் தூரம் எவ்வளவு தாவுகிறது என்பதைக் கவனியுங்கள்.

தூரம், வேகம், மேடு பள்ளம், தரை, ஷூ ஆகிய ஐந்தில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கயிறு தாண்டுதல், கூடைப்பந்து, பேட்மிண்டன் எல்லாம் கணைக்காலுக்கு ஓட்டத்தின் கணக்கில்தான் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நடைத் திருத்தம்

குதிகால் உடலுக்கு வெகு முன்னால் போய் விழுவதுதான் புதியவர்களிடம் காணும் பெரிய குறை. அதை நேரடியாகத் திருத்த முயன்றால் உடம்பு விறைத்துப்போகும். அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் தானாகவே சரியாகும். வழக்கமான வேகத்தில் ஓடும்போது வலது கால் தரையைத் தொடுவதை 30 விநாடி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று கிடைக்கும். 156 வந்தால் 5 சதவீதம் கூட்டி 164 ஆக்குங்கள். செல்போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை அந்த எண்ணில் வைத்து, முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் அதோடு ஒத்து ஓடுங்கள். வேகம் கூடிவிடக் கூடாது, அடி குறுகினால் போதும். எல்லோருக்கும் 180 அடி என்று சொல்லப்படுவதைப் பொருட்படுத்த வேண்டாம், உங்கள் எண்ணிலிருந்து 5 முதல் 10 சதவீதம்தான் கணக்கு.

கயிற்றின் மேல் நடப்பது போல இரு பாதங்களும் ஒரே கோட்டில் விழுந்தால் எலும்பில் வளைவு கூடும், இடையில் சிறிது இடம் விட்டு ஓடுங்கள். குதிகாலை விட்டு முன்பாதத்தில் விழுந்து ஓடும் பாணிக்கு மட்டும் இந்த வலியோடு மாறாதீர்கள். சுமை முழுவதும் ஏற்கெனவே நொந்திருக்கும் ஆடுசதைக்குப் போய்விடும்.

ஷூ, தரை, இன்ன பிற

ஷூவைப் பொறுத்தவரை போட்டதும் காலுக்கு இதமாக இருப்பது எதுவோ அதுதான் நல்லது. 500 முதல் 800 கி.மீ. வரை பொதுவாகத் தாங்கும், அடிப்பாகம் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் முன்பே மாற்றுங்கள். பாத வளைவு மிகவும் அமுங்குகிறவர்களில் சிலருக்கு ஷூவுக்குள் வைக்கும் உள்ளட்டை பலன் தரும். சில வாரம் போட்டுப் பார்த்து வித்தியாசம் தெரியாவிட்டால் எடுத்துவிடலாம். மென்தரையா கடினத்தரையா என்பதைவிட ஒன்றிலிருந்து மற்றதற்குத் திடீரென்று தாவுவதே வம்பு. ஓரம் சரிந்த சாலையில் எப்போதும் ஒரே பக்கம் ஓடாதீர்கள்.

ஓடுவதற்கு முன் ஆடுசதையை இழுத்து நீட்டுவது மட்டும் இந்த வலியைத் தடுக்காது. இதமாக இருந்தால் செய்யலாம். அழுத்த உறையும் அப்படியே. உருளையால் தசையைத் தேய்ப்பதில் தவறில்லை, வலிக்கும் எலும்பின் மேல் உருட்டுவது புண்ணைக் கிளறும் வேலை.

உடல் எடையைக் குறைக்க ஓடுகிறவர்கள் சாப்பாட்டையும் கடுமையாகக் குறைப்பதுண்டு. எலும்பைப் புதுப்பிக்க உடலுக்குச் சக்தி வேண்டும். 19 முதல் 50 வயது வரை நாளுக்கு 1000 மி.கி. கால்சியமும் போதிய வைட்டமின் டி-யும் தேவை. ஓட ஆரம்பித்தபின் மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் போனால், எலும்பு பலவீனமாகிறது என்பதற்கான எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் எப்போது, என்ன சொல்ல வேண்டும்

ஒரே புள்ளியில் குத்தும் வலி, இரவு வலி, நடக்கும்போதே வலி, மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நான்கு வாரத்தில் வலி குறையாவிட்டாலும் போங்கள். எலும்பின் முன்விளிம்பில், நடுப்பகுதியில் ஒரே இடத்தில் வலித்தால் கூடுதல் அவசரம். அந்த இடத்து விரிசல் லேசில் ஆறாது, முழு முறிவாகவும் ஆகலாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். போகும்போது கடைசி ஆறு வாரத்தில் எந்தெந்த நாள் எவ்வளவு தூரம் ஓடினீர்கள், எப்போது ஷூ மாற்றினீர்கள், வலி முதலில் எந்த நாளில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஓடும் ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள்.